சப்நெட் மாறும்போது சர்வர்களுக்கு என்ன ஆகிறது

காஞ்சிபுரத்துத் தொலைபேசிகளுக்கு ஒரு காலத்தில் 04112 என்ற எஸ்டிடி குறியீடு இருந்தது. பிறகு ஊர் சென்னையின் 044-க்குள் சேர்க்கப்பட்டது. ஆறிலக்க எண்களுக்கு முன்னால் 27 ஒட்டிக்கொண்டது. ஓரிக்கையில் தறி ஓடிய வீடு அதே வீடு, காந்தி ரோட்டுப் பட்டுக்கடை அதே கடை, எண் மட்டும் வேறு. அந்த எண்ணோ பெயர்ப்பலகையில் இருந்தது, பில் புத்தகத்தில் இருந்தது, சேலைப் பெட்டியின் மூடியில் அச்சாகியிருந்தது, கல்யாணப் பட்டு எடுத்துப்போன வெளியூர்க் குடும்பங்களின் டைரியிலும் இருந்தது. கடைக்காரர் தன் பலகையை மாற்றிக்கொள்ளலாம். பிறர் டைரியில் எழுதி வைத்திருப்பதை அவரால் மாற்ற முடியாது.

கணினி வலையமைப்பில் சப்நெட் மாறும்போதும் சிக்கல் இதே இடத்தில்தான் பிறக்கிறது. ஆனால் விளைவு கடுமையானது. எண் மாறினால் மனிதர் நாலு பேரிடம் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார். சர்வர் விசாரிக்காது. பழைய முகவரியில் பதில் வராவிட்டால் மறுமுனை செத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். பல சர்வர்கள் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டே ஓடும் கிளஸ்டரில், அந்தத் தவறான முடிவைத் தொடர்ந்து அடுத்த நடவடிக்கையும் தானாக நடந்துவிடுகிறது. ஒரு சர்வரை மறு சர்வர் மின்சாரத்தைத் துண்டித்து நிறுத்துவது வரை போகும். இணையம் பிறந்த நாளிலிருந்து தீராமல் வரும் இந்தக் கேள்வியில் இதுவரை என்ன கற்றிருக்கிறோம், எது இன்னும் கைக்கு வரவில்லை என்பதை இங்கே பார்க்கலாம்.

ஐபி முகவரியின் அமைப்பிலேயே சிக்கலின் வேர் இருக்கிறது. 192.168.1.25 என்ற முகவரிக்கு /24 என்று மாஸ்க் வைத்தால், முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கைச் சொல்லும், கடைசி எண் அந்த நெட்வொர்க்குக்குள் எந்தக் கணினி என்பதைச் சொல்லும். அத்தகைய ஒரு சப்நெட்டில் 254 கருவிகளுக்கு இடம் உண்டு. நெட்வொர்க்கை இப்படிப் பிரித்துக்கொள்ளும் முறை 1985-ல் ஆர்எஃப்சி 950 என்ற ஆவணத்தில் வரையறை பெற்றது. ஆக, முகவரி என்பது ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு. ஆனால் மென்பொருள் எழுதியவர்கள் அதை, இவர் யார் என்று அடையாளம் காணவும் பயன்படுத்திவிட்டார்கள். இடத்தைச் சொல்லும் எண்ணே ஆளைச் சொல்லும் எண்ணாகவும் ஆன பிறகு, இடம் மாறியதும் ஆளையே தெரியாமல் போகிறது. இந்தக் கட்டுரையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தின் கிளைகள்.

சப்நெட்டை ஏன் மாற்ற வேண்டி வருகிறது? சிறு ஊர்களில் அடிக்கடி வரும் காரணம் மிகச் சாதாரணமானது. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918, தனியார் நெட்வொர்க்குகள் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுப்புகளை ஒதுக்கியது. 10-ல் தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168-ல் தொடங்குவது மற்றொன்று. கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்றே அமைந்து வருகின்றன. யாரும் அதை மாற்றுவதில்லை. காஞ்சிபுரத்துக் கடையும் தி.நகர்க் கிளையும் தனித்தனியே ஓடும் வரை ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டையும் விபிஎன் வழியாக இணைத்து ஒரே சரக்கிருப்புக் கணக்கைப் பார்க்க நினைக்கும் அன்று, இரு முனையிலும் 192.168.1.10 இருப்பது தெரியவரும். ஒன்று மாறியே ஆக வேண்டும்.

அடுத்த காரணம் இடப் பற்றாக்குறை. பில் போடும் கணினி, பார்கோடு பிரிண்டர், கண்காணிப்புக் கேமராக்கள், வேலையாட்களின் கைபேசிகள் எல்லாம் ஒரே சப்நெட்டில் ஏறிக்கொண்டே வந்து, ஒருநாள் 254-ம் தீர்ந்துவிடும். இணையச் சேவை நிறுவனத்தை மாற்றும்போது பொது முகவரியும் மாறும். உலக அளவில் ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பதிவகமான ஏப்நிக் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுப்பைத் தொட்டது. இந்தியாவுக்கென்று நிக்சி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பின் கீழ் ஐரின் என்ற பதிவகம் 2012-ல் வந்தது. சொந்தமாக முகவரித் தொகுப்பு வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி பெரிய நிறுவனங்களுக்கு உண்டு. மற்றவர்கள் சேவை நிறுவனம் கொடுத்ததில் குடியிருக்கிறார்கள். நிறுவனத்தை விட்டால் முகவரியையும் விட வேண்டும். நிர்வாக மாற்றங்களும் வலையமைப்பைக் கலைக்கக்கூடியவை. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. ஓரிக்கை அடங்கிய காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியானது. அலுவலகங்கள் இப்படிப் பிரியும்போதும் சேரும்போதும் அவற்றின் சர்வர் அறைகளும் இடம்பெயர வேண்டி வரலாம்.

இவற்றிலெல்லாம் நான் முழு மனதோடு வரவேற்கும் காரணம் ஒன்று உண்டு. சர்வர்களைக் கேமராக்களிடமிருந்தும் கைபேசிகளிடமிருந்தும் பிரித்துத் தனி வீலேனில், அதாவது அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், வைப்பதற்காகச் செய்யும் மாற்றம் அது. மற்றவை நம்மேல் வந்து விழுபவை.

முகவரி மாற்றத்தின் வரலாறு 1983 ஜனவரி 1-லிருந்து தொடங்குகிறது. அன்று ஆர்பாநெட் முழுவதும் பழைய என்சிபி நெறிமுறையை விட்டு டிசிபி-ஐபிக்கு மாறியது. எல்லோரும் ஒரே நாளில் மாறுவது என்ற முறை. சில நூறு கணினிகளே இருந்ததால் அது சாத்தியமானது. அப்போதும் பல கணினிகள் பின்தங்கித்தான் வந்து சேர்ந்தன. பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1996-ல், பிரையன் கார்ப்பென்டரும் யாக்கோவ் ரெக்டரும் ஆர்எஃப்சி 1900-ஐ எழுதினார்கள். நெட்வொர்க்குகளுக்கு முகவரி மாற்றுவது தவிர்க்க முடியாத வேலையாகிவிட்டது, அதற்கான கருவிகள் போதாது என்பது அதன் சாரம். முகவரியை எங்கும் நேரடியாக எழுதாதீர்கள், பெயரைப் பயன்படுத்துங்கள் என்று அன்றே அறிவுறுத்தினார்கள். 1997-ல் ரவுட்டர்களுக்கான விரிவான வழிகாட்டியாக ஆர்எஃப்சி 2072 வந்தது. 2010-ல் அதே கார்ப்பென்டர், ராண்டால் அட்கின்சன், ஹன்னு ஃபிளிங்க் ஆகியோரோடு சேர்ந்து ஆர்எஃப்சி 5887-ஐ எழுத வேண்டியிருந்தது. பதினான்கு ஆண்டு கழித்தும் வேலை மிச்சமிருக்கிறது என்றுதான் அதுவும் சொன்னது. 2013-ல் வந்த ஆர்எஃப்சி 7010 எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று வரிசையாகக் குறித்தது. ஒரே குறை இத்தனை ஆண்டு தொடர்வதற்கு நெறிமுறைகளை மட்டும் காரணம் சொல்ல முடியாது. முகவரியை எழுதி வைத்திருப்பவர்கள் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே பெரிய காரணம்.

இதற்கு ரூட் சர்வர்களை விடத் தெளிவான சான்று கிடையாது. இணையத்தின் பெயர்களையெல்லாம் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் ரூட் சர்வர்கள் உள்ளன. பெயரைக் கேட்டு முகவரி வாங்கும் வேலையே இவற்றிடமிருந்துதான் தொடங்குகிறது என்பதால், இவற்றின் முகவரியைப் பெயரால் கேட்க வழியில்லை. ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வரும் ஒரு கோப்பில் எண்ணாகவே எழுதி வைத்திருக்கும். வெரிசைன் நடத்தும் ஜே-ரூட் 2002 நவம்பரில் முகவரி மாறியது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2015-ல், பழைய முகவரிக்கு இன்னும் கேள்விகள் வந்துகொண்டிருப்பதை அந்நிறுவனத்தின் டுவேன் வெசல்ஸ் ஆராய்ந்து காட்டினார். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டி-ரூட் 2013 ஜனவரி 3 அன்று மாறியது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பி-ரூட் 2023 நவம்பர் 27 அன்று மாறியபோது, பழைய முகவரியிலும் குறைந்தது ஓராண்டு சேவை தொடரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் மாற்றினார்கள். இணையத்திலேயே மிகக் கவனமாக நடத்தப்படும் சர்வர்களுக்கு இந்தக் கதி. நம் சர்வர் அறையில் எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை இரவில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

இனி நம் சர்வர் அறைக்கு வருவோம். முதலில் மாஸ்க் மாற்றம், ஏனென்றால் எளிதானது என்று நினைத்து இறங்கி அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். 254 இடம் போதவில்லை, /24-ஐ /23 ஆக்கினால் 510 கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் 192.168.1-ஐயும் 192.168.2-ஐயும் சேர்த்து /23 ஆக்க முடியாது. 0-வும் 1-ம் சேரும், 2-ம் 3-ம் சேரும். பைனரி எல்லை அங்கேதான் விழுகிறது. சரியாகச் சேர்த்த பிறகும் ஆபத்து உண்டு. புதிய கணினி 192.168.1.40, மாஸ்க் /23. பழைய சர்வர் 192.168.0.10, மாஸ்க்கை மாற்ற மறந்ததால் இன்னும் /24. புதிய கணினி, சர்வர் என் சப்நெட்டில்தான் இருக்கிறது என்று நேராக அனுப்புகிறது. சர்வரோ, இது வெளி ஆள் என்று பதிலைக் கேட்வே வழியாக அனுப்புகிறது. கேட்வே வெறும் ரவுட்டராக இருந்தால் எப்படியோ சேர்த்துவிடும். ஃபயர்வாலாக இருந்தால், உரையாடலின் பாதியை மட்டும் பார்த்த அது மீதியைச் சந்தேகித்துத் தடுக்கும். பிங் அடித்தால் பதில் வரக்கூடும், டேட்டாபேஸ் இணைப்பு மட்டும் தொங்கும். சில கணினிகளுக்கு வேலை செய்யும், சிலவற்றுக்குச் செய்யாது. இப்படிப் பாதி வேலை செய்யும் கோளாறைக் கண்டுபிடிப்பது, முழுதாக நின்றுபோன கோளாறைக் கண்டுபிடிப்பதை விடப் பல மடங்கு கடினம்.

மாஸ்க்கைச் சரிசெய்தாலும், பழைய முகவரி ஒளிந்திருக்கும் இடங்கள் பல. ஒவ்வொரு சர்வரிலும் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு எல்லோருக்கும் நினைவு வரும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், எந்த சப்நெட்டிலிருந்து வருபவரை உள்ளே விடலாம் என்று தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் அதையே பயனர் கணக்கோடு ஒட்டி வைத்திருக்கிறது, அங்கே 192.168.1-லிருந்து வரும் பயனரும் 10.20.5-லிருந்து வரும் அதே பெயர்ப் பயனரும் இரு வேறு ஆட்கள். என்எஃப்எஸ் பகிர்வுகள், மெயில் சர்வர் நம்பும் நெட்வொர்க்குகள், பேக்கப் மென்பொருள், லைசன்ஸ் சர்வர், யாரோ எழுதி வைத்துப் போன ஸ்கிரிப்டுகள் என்று பட்டியல் நீளும். விண்டோஸ் டொமைனில், எந்த சப்நெட் எந்த சைட்டைச் சேர்ந்தது என்று ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்திருக்க வேண்டும். புதிய சப்நெட்டைப் பதியாமல் விட்டால் எதுவும் நிற்காது. காஞ்சிபுரத்துக் கணினி பக்கத்தில் இருக்கும் சர்வரை விட்டுவிட்டுத் தொலைதூரக் கிளையின் சர்வரிடம் போய் லாகின் செய்யும், எல்லாம் மெதுவாகும், காரணம் யாருக்கும் பிடிபடாது. சான்றிதழ்களிலும் முகவரி இருக்கிறது. டிஎல்எஸ் சான்றிதழில் ஐபி முகவரி எழுதப்பட்டிருந்தால், முகவரி மாறிய நொடியில் அது செல்லாத சான்றிதழ்.

கிளஸ்டரின் தனிச் சிக்கல் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை. மூன்று சர்வர் கொண்ட கிளஸ்டரில் குறைந்தது இரண்டு ஒன்றையொன்று பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும். ஐந்தில் மூன்று வேண்டும். இணைப்பு அறுந்தபோது இரு பக்கமும் நானே தலைவன் என்று எழுதத் தொடங்கினால் டேட்டா கெட்டுவிடும் என்பதற்காக வைத்த விதி இது. முகவரி மாற்றத்தின்போது இதே விதி நமக்கு எதிராகத் திரும்புகிறது. மூன்றில் ஒன்றைப் புதிய சப்நெட்டுக்கு மாற்றினால், மற்ற இரண்டும் அதை இழந்தும் ஓடும். இரண்டாவதையும் மாற்றினால், பழைய பக்கம் ஒன்று தனியாக நிற்கும். புதிய பக்கத்து இரண்டும் ஒன்றையொன்று பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். கோரம் எங்கும் இல்லை, சேவை நின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றுகிறேன் என்பது மட்டும் ஒரு திட்டமாகாது. மாறும் காலம் முழுவதும் பழைய சப்நெட்டுக்கும் புதியதற்கும் இடையில் ரவுட்டிங் இருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல் முன்கூட்டியே திருத்தப்பட வேண்டும்.

எந்த மென்பொருள் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால், ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. லினக்ஸில் பேஸ்மேக்கருக்கு அடித்தளமான கோரோசிங்க், மூன்றாம் பதிப்பிலிருந்து கேநெட் என்ற போக்குவரத்து முறையைப் பயன்படுத்துகிறது. அதில் சர்வர்களுக்கிடையே எட்டு இணைப்புகள் வரை வைக்கலாம். கிளஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய சப்நெட்டில் இரண்டாவது இணைப்பைச் சேர்த்து, அது உயிரோடு இருப்பதைப் பார்த்து, பிறகு முதல் இணைப்பை எடுத்துவிடலாம். இருக்கும் இணைப்பின் முகவரியையே திருத்த வேண்டும் என்றால் கிளஸ்டரை நிறுத்தியாக வேண்டும். சேர்ப்பதும் நீக்குவதும் ஓட்டத்தில் நடக்கும், திருத்துவது நடக்காது.

குபர்னெட்டிஸின் நினைவகமான எட்சிடியிலும் உறுப்பினர் பட்டியல் உள்ளே டேட்டாவாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. முதன்முதலில் கிளஸ்டரைத் தொடங்கும்போது கொடுத்த முகவரிகளைக் கட்டளை வரியில் இப்போது மாற்றி எழுதினால், அது கண்டுகொள்ளாது. முதலில் ஓடும் கிளஸ்டரிடம் இந்த உறுப்பினரின் முகவரி இனி இது என்று சொல்லிப் பதிய வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தச் சர்வரைப் புதிய முகவரியில் எழுப்ப வேண்டும். வரிசை தலைகீழானால் கோரம் போகும். அதற்கு மேல் ஏபிஐ சர்வரின் சான்றிதழ் இருக்கிறது, ஒவ்வொரு நோடிலும், அதாவது உறுப்பினர் சர்வரிலும், குபலெட் வைத்திருக்கும் கோப்பு இருக்கிறது, கிளஸ்டருக்குள்ளேயே சேமித்த கான்ஃபிக்மேப்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் கட்டுப்பாட்டு முனைக்கு எண்ணைக் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுத்திருந்தால் இதில் பாதி வேலை குறைந்திருக்கும். குபர்னெட்டிஸை அமைப்பவர் யாராக இருந்தாலும் முதல் நாளே செய்ய வேண்டியது இது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

செஃப் என்னும் சேமிப்பகக் கிளஸ்டர் இன்னும் கண்டிப்பானது. அதன் மானிட்டர் சர்வர்கள் ஒன்றையொன்று கான்ஃபிக் கோப்பைப் பார்த்துத் தேடுவதில்லை. மான்மேப் என்ற தங்கள் சொந்தப் பட்டியலைப் பார்த்தே தேடுகின்றன. மானிட்டரின் முகவரியை மாற்றாதே, புதிய முகவரியில் புதிய மானிட்டரைச் சேர், அது கோரத்தில் சேர்ந்ததும் பழையதை நீக்கு என்பதே செஃப் ஆவணங்கள் சொல்லும் நேர்வழி. மான்மேப்பை வெளியே எடுத்துக் கையால் திருத்தி உள்ளே போடும் வழியும் உண்டு. அதை அலங்கோலமான வழி என்றே அந்த ஆவணம் முன்பு அழைத்தது. டேட்டாவைத் தாங்கும் ஓஎஸ்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை மறுபடி எழும்போது புதிய சப்நெட்டைப் பார்த்துத் தாமே முகவரியை அறிவித்துக்கொள்ளும். ஒரே மென்பொருளில் ஒரு பகுதி முகவரியை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு சிரமப்படுகிறது, இன்னொரு பகுதி அதை இடமாக மட்டும் வைத்துக்கொண்டு எளிதாக நகர்கிறது. முகவரிக்கு இரட்டை வேலை கொடுத்ததன் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆரக்கிள் ஆர்ஏசியில் பொது நெட்வொர்க், அதில் நிற்கும் விஐபி முகவரிகள், ஸ்கேன் என்ற பொதுப் பெயரின் முகவரிகள், சர்வர்களுக்கிடையேயான தனி இன்டர்கனெக்ட் என்று நான்கு அடுக்குகள் உண்டு. பொது நெட்வொர்க்கை மாற்றுவது வேலை மிகுந்தது, ஆனால் பயப்பட வேண்டியதில்லை. இன்டர்கனெக்டில்தான் பொறி இருக்கிறது. 11ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து அதன் விவரம் கிளஸ்டர் எழுவதற்கே தேவைப்படும் ஒரு சுயவிவரக் கோப்பில் பதிந்திருக்கிறது. முதலில் இயங்குதளத்தில் முகவரியை மாற்றிவிட்டு, பிறகு கிளஸ்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனால் கிளஸ்டர் எழாது. எழாத கிளஸ்டரிடம் எதையும் சொல்லவும் முடியாது. எல்லா நோடுகளும் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய சப்நெட்டைக் கூடுதலாகப் பதிந்து, பிறகு மொத்தமாக நிறுத்தி, முகவரியை மாற்றி, எழுப்பி, கடைசியில் பழைய பதிவை நீக்க வேண்டும். விண்டோஸ் கிளஸ்டரில் 2008 பதிப்பிலிருந்து ஒரு பெயர் இரண்டு சப்நெட் முகவரிகளில் எதையாவது சார்ந்திருக்கலாம் என்று அமைக்க முடிகிறது. அங்கேயும் சேர்த்துவிட்டு நீக்கலாம். அமேசானின் மேகத்தில் விபிசியின் முதல் முகவரித் தொகுப்பை மாற்றவே விடமாட்டார்கள். கூடுதல் தொகுப்பைச் சேர்த்து அதில் புதிய சப்நெட் அமைத்துக் குடிபெயர வேண்டியதுதான்.

கணக்கீட்டுக் கிளஸ்டர்கள் இந்தத் துன்பத்திலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் 144 நோடுகளோடு வந்த கப்ரு, திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. இந்த வகையின் வழக்கமான அமைப்பில் தலைமை நோடுக்கு மட்டும் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்று வளாகத்தைப் பார்க்கும், மற்றொன்று உள்ளே இருக்கும் கணக்கீட்டு நோடுகளைப் பார்க்கும். உள் நெட்வொர்க் யாருக்கும் தெரியாத தனி சப்நெட். வளாகத்தில் என்ன மாறினாலும் தலைமை நோடின் வெளிக் கார்டை மாற்றினால் போதும். இரண்டே சர்வர் கொண்ட சிறு கிளஸ்டருக்கும் இந்த அமைப்பு கட்டுப்படியாகும். ஒரு சின்ன ஸ்விட்சும் இரண்டு கேபிளும்தான் கூடுதல் செலவு. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்கைக் கட்டடத்தின் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, கிளையோடு மோதாத ஒரு சப்நெட்டில் வைத்துவிட்டால், அடுத்த பத்தாண்டில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதி கோரத்தைத் தொடாது.

மாற்றம் முடிந்து எல்லாம் பச்சை விளக்காகத் தெரியும்போதும் இரண்டு கோளாறுகள் மறைந்திருக்கும். ஒன்று மல்ட்டிகாஸ்ட். பழைய கோரோசிங்க் அமைப்புகள் மல்ட்டிகாஸ்ட்டில் பேசின, இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. ஸ்விட்சுகள் யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதை ஐஜிஎம்பி மூலம் கவனித்து வைத்திருக்கும். அந்த உறுப்பினர் நிலையை அவ்வப்போது கேட்டுப் புதுப்பிக்க ஒரு குவெரியர் வேண்டும். பழைய வீலேனில் ரவுட்டர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். புதிய வீலேனில் யாரும் அதை அமைத்திருக்க மாட்டார்கள். கிளஸ்டர் நன்றாக எழும். நெறிமுறையின் இயல்பான காலக்கெடு 260 வினாடி. அது கடந்ததும் ஸ்விட்ச் குழுவை மறந்துவிடும், சர்வர்கள் ஒன்றையொன்று இழந்துவிடும். நான்கு நிமிடம் சரியாக ஓடியதைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்பியவருக்குப் பாதி வழியில் அழைப்பு வரும்.

மற்றது ஃபென்சிங். கெட்டுப்போன சர்வரை மறு சர்வர் அணைக்க வேண்டும் என்றால், அதன் தாய்ப்பலகையில் தனியாக இருக்கும் மேலாண்மைக் கார்டின் முகவரிக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். அந்த முகவரியும் பழைய சப்நெட்டில் இருந்திருந்தால், அதைத் திருத்த மறந்திருந்தால், கிளஸ்டர் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒரு சர்வர் உண்மையிலேயே விழும் நாளில் மற்றது அதை அணைக்க முயன்று தோற்று, அணைத்ததாக உறுதி கிடைக்கும் வரை சேவையை எடுத்துக்கொள்ள மறுத்து நிற்கும். கிளஸ்டரை வாங்கியதே அந்த ஒரு நாளுக்காகத்தான். ஆகவே சப்நெட் மாற்றத்தின் கடைசிப் படியாக, ஆட்கள் எல்லோரும் அறையில் இருக்கும்போதே, ஒரு சர்வரை மற்றதைக் கொண்டு அணைத்துப் பார்ப்பது கட்டாயம். இதைச் செய்யாமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எண்ணை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொள் என்ற 1996-ன் அறிவுரை எவ்வளவு தூரம் உதவும்? பெருமளவு உதவும்; முழுவதும் அல்ல. பெயருக்கும் நினைவுக் காலம் உண்டு. டிஎன்எஸ் பதிவின் டிடிஎல் 86,400 வினாடி என்றிருந்தால், பழைய முகவரியை வாங்கிப்போனவர்கள் ஒரு முழு நாள் அதையே வைத்திருப்பார்கள். மாற்றத்துக்கு ஒரு நாளுக்கு மேல் முன்னதாகவே அதை 300-க்குக் குறைத்து வைக்க வேண்டும். மாற்றும் அன்று குறைத்தால் பயனில்லை. விண்டோஸ் கிளஸ்டர் தன் பெயருக்கு இயல்பாக வைக்கும் டிடிஎல் 1,200 வினாடி, அதாவது இருபது நிமிடம். சில ஜாவா பயன்பாடுகள், அமைப்பைப் பொறுத்து, ஒருமுறை வாங்கிய முகவரியை மறுபடி தொடங்கும் வரை விடுவதே இல்லை. இன்னொரு சிக்கல்: டிஎன்எஸ் சர்வரே கிளஸ்டருக்குள் ஓடினால், கிளஸ்டர் எழ டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் எழக் கிளஸ்டர் வேண்டும். அதனால்தான் கிளஸ்டர் உறுப்பினர்களின் பெயர்களை ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் எழுதி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெயரைத் தேடிப் போய், கடைசியில் எண்ணிடமே திரும்பியிருக்கிறோம். வாடிக்கையாளரும் பயன்பாடும் கிளஸ்டரை அணுகப் பெயர், உறுப்பினர்கள் தமக்குள் பேச மாறாத தனி சப்நெட் என்று பிரித்துக்கொள்வதே இன்று கைக்கு எட்டும் சரியான ஏற்பாடு.

ஐபிவி6-ல் இது எளிதாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரே நெட்வொர்க் கார்டு பல முகவரிகளை இயல்பாகவே வைத்துக்கொள்ளும் என்பதால், புதியதைச் சேர்த்து, பழையதற்கு மதிப்பைக் குறைத்து, கடைசியில் நீக்கும் முறையை ஃபிரெட் பேக்கர், எலியட் லியர், ரால்ஃப் டிரோம்ஸ் மூவரும் 2005-ல் ஆர்எஃப்சி 4192-ல் வகுத்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் மாறத் தேவையில்லை என்பதே அதன் நோக்கம். ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை பெரும்பாலும் கைபேசி நெட்வொர்க்குகளால் வந்தது. அலுவலகங்களின் உள் சர்வர்களில் பழைய ஐபிவி4-தான் இன்னும் ஆட்சி செய்கிறது. அந்த ஆவணத்தின் முறை ஐபிவி4-க்கும் பொருந்தும் என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரு கார்டுக்கு இரண்டாவது முகவரி கொடுப்பது ஒரு நிமிட வேலை.

சேர்த்துவிட்டு நீக்குவதில் நீக்கும் நாளைக் குறிப்பதுதான் கடினம். புதிய சப்நெட் சரியாக ஓடுகிறது என்று கண்டதும் பழையதைப் பிடுங்கிவிடத் தோன்றும். அதற்கு முன் பழைய முகவரியில் ஒரு பாக்கெட் கேப்சரை ஓடவிட்டு, யார் இன்னும் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரவு பேக்கப் ஒரு நாளில் தெரிந்துவிடும். மாதக் கடைசி ஜிஎஸ்டி கணக்குக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்காக மட்டும் ஓடும் விலை மாற்ற ஸ்கிரிப்ட், மார்ச் 31 இருப்புக் கணக்கு போன்றவை ஆண்டுக்கு ஒருமுறைதான் தலை காட்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால், பழைய முகவரிகளை ஒரு பகல் பொழுது முடக்கி வைத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, தேவையானால் உடனே திருப்பிப் போடும் ஒத்திகை நல்லது. அதை முகூர்த்த நாளில் செய்யக்கூடாது.

பழைய முகவரிகள் போன பிறகும் பழைய அனுமதிகள் மிச்சமிருக்கும். போஸ்ட்கிரெஸ் கோப்பில், என்எஃப்எஸ் பகிர்வில், ஃபயர்வால் விதியில் 192.168.1-லிருந்து வருபவரை விடு என்ற வரி முன்னெச்சரிக்கையாக விட்டுவைக்கப்பட்டிருக்கும். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதனால் எதுவும் நிற்பதில்லை. ஆனால் காலியான அந்த சப்நெட் சும்மா கிடக்காது. சில மாதங்களில் யாரோ அதைக் கேமராக்களுக்கோ, கடைக்கு வருபவர்களின் வைஃபைக்கோ கொடுத்துவிடுவார்கள். சர்வரைப் பொறுத்தவரை அந்த எண்களில் வருபவர் இன்னும் வீட்டு ஆள். எனவே மாற்றத் திட்டத்தின் கடைசி வரி, பழைய சப்நெட்டின் பெயரில் உள்ள ஒவ்வொரு அனுமதியையும் தேடி நீக்குவதாக இருக்க வேண்டும். அது முடியும் வரை அந்தத் தொகுப்பை வேறு எவருக்கும் ஒதுக்கக்கூடாது.